'ஆனா' இல்லாத காபி

"ஒண்ணா, ரெண்டா?"

கேட்டுவிட்டுக் கண்ணாடிக்காரர் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். சாப்பாட்டு மேஜையில் அவர் மனைவிக்கு முன்னால் உள்ளங்கைக்குள் அடங்குகிற இரண்டு சின்னக் கோப்பைகள். இரண்டிலும் எஸ்பிரெசோ. மேலே பழுப்பு நுரை, கீழே தேன் பதத்தில் கறுப்புக் காபி.

அவள் முதல் கோப்பையை எடுத்து உறிஞ்சினாள். அவரைப் பார்த்தாள்.

"நல்லா இருக்கு."

கண்ணாடிக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"ஆனா..."

பிடித்த மூச்சை விட்டார்.

"ஆனா, கொஞ்சம் கலங்கலா இருக்கு. நல்ல கனம், அதெல்லாம் சரி. என்ன சொல்ல வருதுன்னுதான் புரியலை."

"அப்ப ரெண்டு?"

அவள் இரண்டாவதை உறிஞ்சினாள். மறுபடி அவரைப் பார்த்தாள். "இதுவும் நல்லா இருக்கு. தெளிவாப் பேசுது. ஆனா, கொஞ்சம் வெடுக்குனு பேசுது."

கண்ணாடிக்காரருக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எந்தக் கோப்பை எந்த இயந்திரத்தில் அரைத்தது என்று அவளுக்குத் தெரியாது. அவர்தான் முதுகைக் காட்டிக்கொண்டு, மறைத்து மறைத்துப் போட்டு எடுத்து வந்தார். அப்படியிருந்தும் கூம்பு இன்னது, தட்டு இன்னது என்று புட்டுப் புட்டு வைத்துவிட்டாள். இதுவல்லவா நாக்கு!

கூம்பும் தட்டும் என்னவென்று இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. அடுப்பு மேடையில் இரண்டு காபி கிரைண்டர்கள் நின்றன. ஒன்றின் வயிற்றுக்குள் பல் வைத்த எஃகுக் கூம்பு ஒன்று, ஒரு வளையத்துக்கு நடுவே சுழலும். மற்றதில் பல் வைத்த இரண்டு எஃகுத் தட்டுகள் எதிரும் புதிருமாக இருந்து அரைக்கும். கொட்டை ஒன்றுதான், வேலையும் ஒன்றுதான். ஆனாலும் வீட்டில் எஸ்பிரெசோ போடுகிற பைத்தியங்கள் உலகம் முழுக்க இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடக்கிறார்கள். கூம்புக் கட்சிக்குக் கனம்தான் காபி. தட்டுக் கட்சிக்குத் தெளிவுதான் காபி. நம் கண்ணாடிக்காரர் இரண்டு கட்சிப் பேச்சையும் கைபேசியில் மாற்றி மாற்றிக் கேட்டு, காலையில் கூம்பாக எழுந்து மாலையில் தட்டாகப் படுக்கிற ஆளாகியிருந்தார்.

காபிக் கருவிகள் விற்கிற கடைக்காரர் அவருடைய நெடுநாள் வாடிக்கையாளர். பொடி எழுத்து படிக்க முடியாமல் தவித்தவருக்குக் கண் கொடுத்தவர் இவர்தான். அந்த நன்றிக்கு அவர், "ரெண்டையும் எடுத்துட்டுப் போங்க சார். வீட்டுல போட்டுக் குடிச்சுப் பாருங்க. சனிக்கிழமை ஆள் அனுப்பறேன். பிடிக்காததைக் குடுத்து விட்டுடுங்க" என்று சொல்லிவிட்டார்.

கரும்பு தின்னக் கூலியா? கண்ணாடிக்காரர் ஆனந்தமாகத் தூக்கிவந்தார். வந்த பிறகுதான் தெரிந்தது, மேடையில் ஒன்றுக்குத்தான் இடம் உண்டு என்று. ரொட்டி சுடுகிற மின்னடுப்பு குளிர்பெட்டியின் தலைக்கு ஏறியது. பாத்திரக் கூடை துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல் குடியேறியது.

"ஞாயித்துக்கிழமை எங்க அண்ணன் வரான். ஞாபகம் இருக்கட்டும்," என்றாள் மனைவி. "அதுக்குள்ள வீட்டை வீடா மாத்திடுங்க."

அவள் அண்ணன் கப்பல் இன்ஜினியர். கல்யாணத்தன்று கைகுலுக்கிவிட்டுக் கடலுக்குப் போனவர். அதற்குப் பிறகு கரையில் அவரைப் பிடிப்பது கல்லில் நார் உரிக்கிற வேலையாகவே இருந்தது.

"எல்லாம் சனிக்கிழமைக்குள்ள முடிஞ்சிடும்," என்றார் கண்ணாடிக்காரர்.

முடிவெடுப்பதில் அவரைப்போல ஒரு நிபுணர் கிடையாது, மற்றவர்களுக்கு. இருட்டறையில் ஆளை உட்காரவைத்து, கண்ணுக்கு முன்னால் வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "ஒண்ணா, ரெண்டா? எது தெளிவு?" என்று கேட்பதுதான் அவர் பிழைப்பு. "ரெண்டும் ஒரே மாதிரிதான் சார் இருக்கு" என்கிறவர்களை அவருக்குப் பிடிக்காது. "ரெண்டு ஒரே மாதிரி இருக்கவே முடியாது. நீங்க சரியாப் பாக்கலை," என்பார். ஊரில் உள்ளவர்களை எல்லாம் ஒன்று அல்லது இரண்டு என்று சொல்லவைத்தவர், தனக்கென்று வந்தபோது இருதலைக் கொள்ளி எறும்பாகத் தவித்தார்.

அவரைத் தவிக்கவைத்தது கிரைண்டர் அல்ல. அந்த 'ஆனா'.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் அவர் கடைக்குக் கண்ணாடி போட வந்தவள். வில்லை வெட்டி முடிகிற வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் பின்னறையில் கையால் சுற்றுகிற சின்னக் கிரைண்டர் ஒன்று வைத்து, தனக்கென்று காபி போட்டுக்கொள்வார். அன்றைக்கு அவளுக்கும் ஒரு கோப்பை கொடுத்தார். காபி கொடுத்தால் யாராயிருந்தாலும் "நல்லா இருக்கு சார்" என்று சொல்லிக் கோப்பையைக் கீழே வைப்பார்கள். அவள் குடித்துவிட்டு, புதுக் கண்ணாடி வழியாக அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நல்லா இருக்கு. ஆனா, ஏதோ அவசரத்துல எடுத்துட்டீங்க போல."

உண்மை. தண்ணீர் முழுக்க இறங்கும் முன்பே, அவள் காத்திருக்கிறாளே என்று எடுத்துவிட்டார். அதை ஒரு வாய்க் காபியில் கண்டுபிடித்துவிட்டாளே! கண்ணாடிக்காரர் அன்றைக்கே விழுந்துவிட்டார். வாழ்நாள் முழுக்கக் கண்களோடு மல்லுக்கட்டியவர் கடைசியில் ஒரு நாக்கைப் பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டார்.

அன்றிலிருந்து தினமும் காலையில் அவர் காபி போடுவார், அவள் குடிப்பாள். "நல்லா இருக்கு, ஆனா..." என்பாள். ஒரு நாளும் அந்த 'ஆனா' தவறியதில்லை, ஒரு 'ஆனா'வும் பொய்யானதில்லை. கொட்டை பழசு என்று அவருக்குள் உறுத்தலாக இருந்தால், "கொட்டை பழசோ?" என்பாள். தண்ணீர் சூடு போதவில்லையோ என்று அவர் கவலைப்பட்ட நாளில், "இன்னும் கொஞ்சம் சூடு இருந்திருக்கலாம்," என்பாள். அவருடைய தப்பு ஒன்றுகூட அவளிடம் ஒளிந்து பிழைத்ததில்லை.

ஒரு முறை புதுக் கொட்டை வாங்கி, பொட்டலத்தை ஒளித்து வைத்துவிட்டுக் கேட்டார். "இதுல என்ன வாசனை தெரியுது, சொல்லு?"

அவள் ஒரு வாய் குடித்தாள். "ஏதோ... பழம்."

கண்ணாடிக்காரர் முகம் மலர்ந்தது.

"நல்லா இனிப்பான பழம்னு..." என்று இழுத்தாள். அவர் முகம் லேசாக வாடியது. "...சொல்ல முடியாது. புளிப்பு."

அவர் முன்னால் சாய்ந்தார்.

"எலுமிச்சை கிட்ட வருது. ஆனா எலுமிச்சை இல்ல. அதோட அண்ணன்காரன். ஆரஞ்சு!"

"ஆரஞ்சுத் தோல்!" என்று கூவிக் கைதட்டினார் கண்ணாடிக்காரர். பொட்டலத்தில் அதுதான் அச்சடித்திருந்தது. அந்த நாக்கு தடம் பிடித்துப் பிடித்துப் போய்ச் சரியான வாசலில் நின்ற அழகை அவர் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி மாளவில்லை.

அவள் ரயிலில் டிக்கெட் பரிசோதகர். பெட்டி நிறைய ஆள் இருந்தாலும் டிக்கெட் எடுக்காதவரிடம் நேராகப் போய் நிற்பாள் என்று கூட வேலை செய்கிறவர்கள் சொல்வார்கள். கண்ணாடிக்காரர் அந்தப் பெருமையையும் நாக்கின் கணக்கிலேயே சேர்த்துவிட்டார். நுட்பம் என்று ஒன்று வந்துவிட்டால் உடம்பு முழுக்கத்தானே பரவும்?

அப்படிப்பட்டவள் வாயால் ஒரே ஒரு நாள், ஒரே ஒரு கோப்பைக்கு, 'ஆனா' இல்லாமல் ஒரு 'நல்லா இருக்கு' கேட்டுவிட வேண்டும். அவ்வளவுதான் அவர் ஆசை. மற்றவர்கள் வீடு கட்ட ஆசைப்படுவார்கள், பதவிக்கு ஆசைப்படுவார்கள். இவர் ஒரு சொல்லைக் கழற்ற ஆசைப்பட்டார். சரியான கிரைண்டர் கிடைத்தால் அது கழன்றுவிடும் என்று நம்பினார்.

மறுநாள் கூம்பை இன்னும் நைசாக அரைக்கும்படி திருகினார். தூள் மாவாகிவிட்டது. எஸ்பிரெசோ இயந்திரம் முக்கி முனகியது. ஒரு சொட்டுகூட இறங்கவில்லை. அந்தப் பயத்தில் தட்டைக் கொஞ்சம் கொரகொரப்பாக அரைக்கும்படி திருகினார். அதில் தண்ணீர் வாய்க்கால் போல ஓடியது.

"நல்லா இருக்கு. ஆனா, ஏமாந்த மாதிரி இருக்கு," என்றாள்.

ஏமாந்தவர் அவர்தான். அதையும் அவள் நாக்கு கண்டுகொண்டது.

அதற்கடுத்த நாள், தூளில் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்தால் பறக்காது என்று யாரோ சொன்னதைக் கேட்டுத் தெளித்தார். ஒரு சொட்டு என்று நினைத்தது ஒரு கரண்டியாகிவிட்டது. தூள் கூம்பின் தொண்டையில் களியாக அடைத்துக்கொண்டது. அதைக் குச்சியால் குத்திக்கொண்டிருந்தவர், பக்கத்து அடுப்பில் வைத்த பாலை மறந்தே போனார். அது பொங்கி, வற்றி, அடிப்பிடித்துத் தீய்ந்தது. தீய்ந்த வாடை மூக்கைத் துளைத்த பிறகுதான் திரும்பிப் பார்த்தார்.

அவள் அடுப்புக்கு இந்தப் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தாள்.

"பால் தீயுதே, தெரியலையா?"

அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். "ஐயோ! பேப்பர்லயே இருந்துட்டேங்க."

என்ன ஒருமுகப்பாடு என்று வியந்தபடியே கண்ணாடிக்காரர் பாத்திரத்தைத் தேய்த்தார்.

புதன்கிழமை காலையில் வாசல் மணி அடித்தது. மேல்வீட்டுக் கணக்கு டீச்சர். தலைமுடி ஒரு பக்கம் மட்டும் வாரியிருந்தது.

"சார், காலங்காத்தால உங்க வீட்டுல ரோடு போடறீங்களா?"

"மன்னிச்சுக்குங்க டீச்சர். கிரைண்டர்."

"ஒரு கிரைண்டர் சத்தமா அது?"

"ரெண்டு."

கோபத்தோடு வந்தவர் விவரம் கேட்க உட்கார்ந்துவிட்டார். கண்ணாடிக்காரர் கூம்பு, தட்டு, கனம், தெளிவு எல்லாம் சொல்லி, மனைவியின் நாக்குப் பெருமையையும் விஸ்தாரமாகச் சொன்னார். டீச்சர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பரிட்சை யார் வைக்கறது?" என்றார்.

"நான்தான்."

"காபியும் நீங்க போட்டு, கொண்டுவந்து குடுத்து, எதிர்லயும் நீங்களே நின்னா அது பரிட்சையா சார்? விடைத்தாள் திருத்தறவரே பையன் பக்கத்துல உக்காந்த மாதிரி இருக்கு."

கண்ணாடிக்காரருக்குச் சுருக்கென்றது. தன்னைச் சொன்னால் பொறுத்துக்கொள்வார். அந்த நாக்கின் மேல் சந்தேகமா? "நீங்களே வைங்க டீச்சர்," என்றார்.

"எதுக்குங்க அதெல்லாம்?" என்றாள் மனைவி.

"வைக்கட்டும்மா. சொக்கத் தங்கத்துக்கு உரைகல்லைப் பாத்தா பயம் என்ன?"

அவர் சமையலறையில் இரண்டு கோப்பை போட்டுக் கொடுத்தார். டீச்சர் அவற்றை ஒரு தாம்பாளத்தில் வைத்து, அவருக்கே தெரியாதபடி இடம் மாற்றி, கதவைச் சாத்திவிட்டுக் கூடத்துக்கு எடுத்துப் போனார். பரீட்சைக் கூடத்தில் மேற்பார்வை பார்த்துப் பார்த்துப் பழகிய முகம் அது. அதில் சந்தோஷம், துக்கம், ஆம், இல்லை எதுவும் தெரியாது. கண்ணாடிக்காரர் கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றார்.

ஒரு கோப்பை கீழே வைக்கப்பட்டது. இன்னொன்று வைக்கப்பட்டது. மறுபடி முதல் கோப்பை.

"ரெண்டும்..." என்று மனைவியின் குரல் வந்தது. "ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு."

எந்த வாக்கியத்தை அவர் தொழிலில் காலடி வைத்த நாளிலிருந்து வெறுத்தாரோ, அந்த வாக்கியம்! அவர் கதவைத் திறந்துகொண்டு ஓடினார்.

"நல்லா குடிச்சுப் பாத்தியா?"

"பாத்தேங்க."

"ஒண்ணு கனம், ஒண்ணு தெளிவு இல்லையா?"

அவள் அவரைப் பார்த்தாள். "இப்ப நீங்க சொல்றப்ப, ஒண்ணு கொஞ்சம் கனமாத்தான்..."

"சார், நீங்க உள்ள போங்க," என்றார் டீச்சர்.

இரண்டாவது முறையும் வைத்தார்கள். "ரெண்டும் காபிதான்," என்று பதில் வந்தது.

டீச்சர் கைகளைக் கட்டிக்கொண்டார். "இதுக்கு ரெண்டு விளக்கம் இருக்கலாம் சார். ஒண்ணு, மெஷின் ரெண்டும் ஒரே மாதிரி அரைக்குது. இன்னொண்ணு..."

"மெஷின்ல கோளாறு!" என்றார் கண்ணாடிக்காரர். "நான் திருகித் திருகி ரெண்டையும் ஒண்ணாக்கி வெச்சிருக்கேன். அவ நாக்கு அதையும் கண்டுபிடிச்சிடுச்சு பாத்தீங்களா? வேற யாரா இருந்தாலும் வாய்க்கு வந்ததை வித்தியாசம்னு சொல்லியிருப்பாங்க. அவ உள்ளதை உள்ளபடி சொல்றா!"

டீச்சர் அவளைப் பார்த்தார். அவள் கோப்பைக்குள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் என்ன நினைத்தாரோ, மிச்சக் காபியை ஒரே மடக்கில் குடித்தார்.

"ஆமா சார். மெஷினாத்தான் இருக்கும்," என்று சொல்லிவிட்டு மாடி ஏறினார்.

அத்தோடு விட்டிருக்கலாம். விடுகிறவர் கண்ணாடிக்காரர் இல்லை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுக்க ஒருவர் வேண்டாமா? மூக்குக் கண்ணாடி முடுக்குகிற சின்னத் திருப்புளிகளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். கூம்பைக் கழற்றினார், தட்டுகளையும் கழற்றினார். பல்லிடுக்கில் எல்லாம் பழைய தூள் ஏறியிருந்தது. இதுதான் வினை என்று எண்ணி, எல்லாவற்றையும் பொட்டலம் கட்டித் தன் கடைக்குக் கொண்டு போனார்.

அங்கே கண்ணாடிகளை அதிரவைத்துச் சுத்தம் செய்கிற தொட்டி ஒன்று உண்டு. உள்ளே நீலமாக ஒரு திரவம். அதில் முக்கினால் மூக்குத் தண்டில் ஒட்டிய அழுக்குகூட உதிர்ந்துவிடும். எஃகுப் பற்களை அதில் இறக்கி முடுக்கினார். தூள் மேகமாகக் கிளம்பியது. பற்கள் வைரமாக மின்னின. பூரித்துப்போய் எடுத்துத் துடைத்தார். தொட்டித் தண்ணீரை மாற்ற மட்டும் மறந்துவிட்டார்.

அன்று மாலை வங்கி மேலாளர் ஒருவர் வந்தார்.

"சார், நீங்க சுத்தம் பண்ணிக் குடுத்த கண்ணாடியைப் போட்டதுல இருந்து காபி வாசனையாவே அடிக்குது. ஆபீஸ்ல எல்லாரும் என்னைச் சுத்திச் சுத்தி வராங்க."

கண்ணாடிக்காரர் தலையைச் சொறிந்தார். அவர் வேறொரு துக்கத்தில் இருந்தார். பற்களைத் திரும்ப மாட்டி முடித்தபோது கையில் ஒரு திருகு மிச்சமாகியிருந்தது. எந்த இயந்திரத்துடையது என்று தெரியவில்லை. இரண்டையும் மறுபடி கழற்றி மாட்டினார். இப்போது இரண்டு திருகு மிச்சம். மூன்றாவது முறை கழற்றியபோதுதான் எல்லாம் அதனதன் இடத்துக்குப் போயின.

மறுநாள் காலையில் போட்ட காபியில் நுரை விரற்கடை உயரத்துக்கு நின்றது. கண்ணாடிக்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. இப்படி ஒரு நுரையை அவர் ஜன்மத்தில் பார்த்ததில்லை. வாயெல்லாம் பல்லாகக் கோப்பையை நீட்டினார்.

அவள் ஒரு வாய் குடித்தாள். அவரைப் பார்த்தாள். "அடேங்கப்பா! நல்லா..."

அதே நேரத்தில் அவரும் தன் கோப்பையில் வாய் வைத்தார். முகம் அஷ்டகோணலாகியது. ஓடிப்போய்ப் பாத்திரம் கழுவும் தொட்டியில் துப்பினார்.

"...இருந்திருக்கும்," என்று முடித்தாள் அவள். "ஆனா, உங்க கடை நீலத் தண்ணி இதுல கலந்திருக்கு."

வாயைக் கொப்பளித்துக்கொண்டே கண்ணாடிக்காரர் மலைத்து நின்றார். நீலத் தண்ணீர் என்றே சொல்லிவிட்டாளே! தன் வாய் வெந்த வேதனையைவிட அந்தத் துல்லியம்தான் அவருக்குப் பெரிதாகப் பட்டது.

வியாழனும் போய் வெள்ளியும் வந்தது. பற்களை வெந்நீரில் அலசி, துடைத்து, மறுபடி மாட்டினார். கூம்பு பழையபடி கனத்தது. தட்டு பழையபடி தெளிந்தது. அவர் எதிரே நின்றால் அவளுக்கும் வித்தியாசம் பழையபடி தெரிந்தது. 'ஆனா'வும் பழையபடி வந்தது. முதலுக்கு மோசமில்லை. முடிவுதான் இல்லை.

தொழிலும் ஆட்டம் கண்டது. இருட்டறையில் உட்கார்ந்த ஒரு பெரியவர், "ஒண்ணு நல்லாத் தெரியுது சார்," என்றார்.

"அவசரப்படாதீங்க," என்றார் கண்ணாடிக்காரர். "ஒண்ணு நல்லாத்தான் இருக்கும். ஆனா, ரெண்டுலயும் ஒரு நியாயம் இருக்கே?"

"எனக்கு ஒண்ணே போதும் சார்."

"எப்படிச் சார் அவ்வளவு நிச்சயமாச் சொல்றீங்க?" என்று கேட்டுக் கண்ணாடிக்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பெரியவர் பயந்துபோய், வேறொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை கடையில் கூட்டம். நடுவில் கருவிக் கடைக்காரரைக் கூப்பிட்டார். "இன்னும் ஒரு வாரம் குடுங்களேன். பரிசோதனை பாதியில இருக்கு."

"அடடா, இன்னொருத்தர் காத்திட்டிருக்கார் சார். ஆள் கிளம்பியாச்சே. இந்நேரம் உங்க வீட்டுக்கே போயிருப்பான்."

கண்ணாடிக்காரர், பார்வை சோதிக்க வந்திருந்தவர் மூக்கில் மாட்டிய சோதனைக் கண்ணாடியை அப்படியே விட்டுவிட்டு ஓடினார். தெருவில் ஓடினார், படியில் ஓடினார். மூச்சு வாங்கிக்கொண்டு சமையலறைக்குள் நுழைந்தார்.

மேடையில் கூம்பு மட்டும் நின்றது. ரொட்டி அடுப்பு தன் இடத்துக்கு வந்திருந்தது. பாத்திரக் கூடையும் ஊர் திரும்பியிருந்தது. மனைவி மேடையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"தட்டு?"

"எடுத்துட்டுப் போயிட்டாங்க. நீங்க வர நேரமாகும்னு நானே குடுத்துட்டேன்."

"நீயா? நீயாவே குடுத்தியா?"

"ஆமாங்க. ஏன்?"

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். "யோசிச்சுத்தான் குடுத்தியா?"

அவள் துடைப்பதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். அந்த நேரத்தில் அந்த முகத்தைப் பார்த்த எவருக்கும், அது என்ன பதிலுக்காகத் தவம் கிடக்கிறது என்று புரிந்திருக்கும்.

"யோசிக்காமக் குடுப்பேனா?" என்றாள். "எனக்குக் கூம்புதாங்க."

கண்ணாடிக்காரருக்கு உடம்பே லேசாகிவிட்டது. ஒரு வாரப் பாரம் இறங்கியது. எத்தனை பேச்சு, எத்தனை திருகல், எத்தனை சோதனை! இத்தனையும் எதற்கு? வீட்டிலேயே இப்படி ஒரு நாக்கு இருக்கும்போது வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறார். அந்த நாக்கு தீர்ப்புச் சொல்லிவிட்டது. மேல்முறையீடு கிடையாது. கூம்பு!

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தார். வெயிலில் கறுத்த, வாய்விட்டுச் சிரிக்கிற மனிதர். கூடத்து நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்து, "என்ன மாப்ளே, வீடு முழுக்கக் காபி மணக்குது!" என்றார்.

"இருங்க மச்சான், இதோ வரேன்."

கண்ணாடிக்காரர் சமையலறைக்குப் போனார். கூம்பில் கொட்டையைப் போட்டார், அரைத்தார். அழுத்தினார். இயந்திரத்தில் மாட்டினார். கை ஒரு இடத்திலும் தயங்கவில்லை. இன்னும் கொஞ்சம் நைசாக இருந்திருக்கலாமோ, தட்டாக இருந்தால் எப்படியிருக்கும் என்ற நினைப்பே எழவில்லை. காபி எலிவால் போல மெல்லிசாக இறங்கியது. மூன்று கோப்பைகளை எடுத்து வந்து வைத்தார். தன் கோப்பையில் ஒரு வாய் குடித்துவிட்டு, கண்ணை மூடித் திறந்து, நாற்காலியில் நிம்மதியாகச் சாய்ந்தார்.

மனைவி கோப்பையை எடுத்தாள். உறிஞ்சினாள். அவரைப் பார்த்தாள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள். ஏதோ தேடுகிறவள் போலவும், தேடியது அங்கே இல்லாதவள் போலவும்.

"நல்லா இருக்கு," என்றாள்.

அவர் காத்திருந்தார்.

அவள் இன்னொரு வாய் குடித்தாள். கோப்பையைக் கீழே வைத்தாள். சிரித்தாள்.

அவ்வளவுதான். வேறு ஒன்றும் வரவில்லை.

உள்ளே போன் அடித்தது. "ஸ்டேஷன்லேர்ந்துதான் இருக்கும்," என்று அவள் எழுந்து போனாள்.

கண்ணாடிக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். எத்தனை காலத்து ஆசை! கேட்க ஒரு சாட்சியும் வைத்துக்கொண்டல்லவா கேட்டிருக்கிறார்!

"மச்சான், கேட்டீங்கல்ல? 'ஆனா' சொல்லலை! கல்யாணம் ஆனதுலேர்ந்து இன்னைக்குத்தான் அவ வாயால முழுசா நல்லா இருக்குன்னு வந்திருக்கு. சும்மா சொல்ற ஆள் இல்ல அவ. எந்தக் கொட்டை, எந்தப் பல்லுல அரைச்சது, நான் எங்க தப்புப் பண்ணினேன், எல்லாத்தையும் ஒரு வாய்ல சொல்லிடுவா. அந்த நாக்குக்கு ஒரு சலாம் வைக்கணும் மச்சான்! சின்ன வயசுலேயே இப்படித்தானா?"

மச்சான் கோப்பையை வாயருகே கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார். மாப்பிள்ளையைப் பார்த்தார். தங்கை போன அறைப் பக்கம் பார்த்தார். பிறகு தொடையைத் தட்டிச் சிரித்தார்.

"நாக்கா? சின்ன வயசுல வந்த காய்ச்சல்லயே அவளுக்கு வாசனை, ருசி எல்லாம் சுத்தமாப் போயிடுச்சே மாப்ளே. இன்னமும் எதிர்ல இருக்கறவங்க மூஞ்சியப் பாத்துத்தான் சொல்லிட்டு இருக்காளா?"